கொத்தசந்திரத்தில் வண்டி நின்ற நாட்கள்

நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே எங்கேயாவது ஓர் இடத்தில் வண்டிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்ததாம். பாறைக்காட்டில் ஒரு கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கிடைத்தது. கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஆள், ஆளுக்கு ஒரு வீடு, வீடுகளுக்கு ஒரு கடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து கொத்தசந்திரம் என்று ஓர் ஊர் உண்டாயிற்று. தண்டவாள வேலைக்குச் சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தமிழ் பேசினார்கள். சுமை தூக்க வந்தவர்களுக்குத் தெலுங்கு. புளியும் தக்காளியும் வாங்கி வண்டியேற்ற வந்த வியாபாரிகளுக்குக் கன்னடம். மூன்று பாஷையிலும் திட்டு வாங்கித்தான் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை வளரும்.

நான் பிறந்தபோது இதெல்லாம் முடிந்து போயிருந்தது. எஞ்சின் தண்ணீர் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. தண்டவாளத்தை அகலப்படுத்தியபோது ஸ்டேஷன் மாஸ்டரை எடுத்துவிட்டார்கள். சரக்குக் கொட்டகையின் கூரைத் தகடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், ஊரிலுள்ள மாட்டுக் கொட்டகைகளின் மேல் தென்பட்டன. வியாபாரிகள் லாரிகளைத் தேடி நெடுஞ்சாலைப் பக்கம் போனார்கள். கிணறு தூர்ந்தது. கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு நடைமேடை, ஒரு புங்கமரம், மஞ்சள் பலகை, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஒரு மாமா, அப்புறம் தினமும் நின்று போகிற மூன்று பாசஞ்சர் வண்டிகள். விடியலில் ஒன்றும் முற்பகலில் ஒன்றும் ஓசூர் பக்கம் போகும். சாயங்காலம் ஒன்று ஓசூரிலிருந்து திரும்பும்.

அப்பாவின் அப்பா தண்டவாள கேங்கில் வேலை பார்த்தவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கவில்லை. ஓசூரில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். விடியல் வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் வருவார். அவருடைய சட்டையில் சூடான இரும்பு வாசனை இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

அம்மா பாரூர்ப் பக்கம். ஏரியும் கால்வாயும் நெல் வயலுமாக இருந்த இடத்தில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் காருக்கு வயர் கட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாள். விடுதியில் எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்ததைப் பற்றி அவள் சொல்லும்போது, அது ஏதோ அரண்மனை என்று நான் நினைத்துக்கொள்வேன். வேறெதைப் பற்றிச் சொல்லும்போதும் அவள் முகம் அப்படி இருந்ததில்லை. கல்யாணம் நிச்சயமானதும் வேலையை விடச் சொன்னார்கள், விட்டாள். கொத்தசந்திரத்தில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். அந்த இரண்டு நாளும் அம்மா எந்நேரமும் குடமும் இடுப்புமாகவே இருப்பாள்.

நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, இனி கொத்தசந்திரத்தில் எந்த வண்டியும் நிற்காது என்று ஒரு பேச்சு வந்தது. டிக்கெட் விற்பனை போதவில்லையாம். ஊர் கூடிப் பயணிகள் நலச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து அப்பாவைச் செயலாளராக்கியது. அப்பாவுக்கு அதற்கு முன் யாரும் எந்தப் பதவியும் கொடுத்ததில்லை. கம்பெனியில் பத்து வருஷமாக ‘காண்ட்ராக்ட்’ என்று மட்டும் அழைக்கப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை புங்கமரத்தடியில் செயலாளர் ஆனார்.

அவர் சொன்ன யோசனை எளிமையானது. டிக்கெட் விற்கவில்லை என்றால் நாமே வாங்கிவிடுவது. யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்துக்கொண்டு முற்பகல் வண்டிக்கு ஓசூர் டிக்கெட் வாங்க வேண்டும், அவ்வளவுதான். வியாழக்கிழமை எங்கள் முறை. அப்பா விடியல் வண்டியில் போய்விடுவதால் அம்மாதான் போவாள். டிக்கெட் மாமா பழைய அட்டை டிக்கெட்டில் தேதியைக் குத்திக் கொடுப்பார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வண்டி வந்து நின்று போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோரிடமும் கட்டுக்கட்டாக ரயில் டிக்கெட் இருந்தது. அந்த ஜில்லாவிலேயே எங்களைவிட அதிகமாக ரயில் டிக்கெட் வைத்திருந்த பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். எங்களில் பாதிப் பேர் ரயிலில் ஏறியதே இல்லை.

ஒருநாள் யாரோ ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்து ஊரே வெளுத்த துணி உடுத்திக்கொண்டு, காலிப் பைகளோடு நடைமேடையில் நின்றது. அதிகாரி இறங்கி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற கிழவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

“நான் எங்கியும் போவலைங்க சாமி. வண்டிய நிறுத்தறதுக்கு வந்தன்” என்றார் அவர்.

அதிகாரிகூடச் சிரித்தார். அப்பா மட்டும் இரண்டு நாள் அந்தக் கிழவரோடு பேசவில்லை.

வீட்டிலும் அப்பா வண்டியைப் பற்றித்தான் பேசுவார். அம்மா ஒருநாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஓசூரிலேயே ஒரு சின்ன வீடாகப் பார்த்துக்கொண்டு போய்விடலாமே, நானும் ஏதாவது வேலைக்குப் போவேனே, தண்ணிக்கும் இப்படி அலைய வேண்டாமே என்றாள். சண்டை போடுகிற மாதிரியெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

“செயலாளரே ஊர வுட்டுப் போயிட்டா சங்கம் என்னாவறது?” என்றார் அப்பா.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வேறு பேச்சும் அதிகம் எடுத்ததில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை அம்மா எனக்குச் சீருடை போடாமல் தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பாவாடையைப் போட்டுவிட்டாள். தலையை இழுத்துச் சீவி இரட்டைச் சடை பின்னினாள். பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். என்னிடம் இருந்த எல்லாத் துணியையும் எதற்காக ஒரு பையில் அடுக்கினாள் என்று நான் கேட்கவில்லை. ரயிலில் போவதென்றால் பை கொண்டுபோக வேண்டும் என்பது, அதிகாரி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம்.

டிக்கெட் மாமா வழக்கம்போல் தேதியைக் குத்திக் கொடுத்தார். என்னைப் பார்த்து, “ஏமம்மா, பாப்பாக்கு ஈரோஜு ஸ்கூல் லேதா?” என்று அம்மாவிடம் தெலுங்கில் கேட்டார். இன்றைக்கு லீவு என்று அம்மா சொன்னாள். வண்டி வந்தது. நாங்கள் ஏறிக்கொண்டோம். மாமா கவுண்ட்டரை விட்டு வெளியே வந்து நின்று எங்களைப் பார்த்தார். டிக்கெட் வாங்கியவர்கள் வண்டியில் ஏறுவது அவருக்கே புதுசாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு அன்று ஒரே கொண்டாட்டம். ஜன்னல் ஓரம். அம்மா கடலை வாங்கிக் கொடுத்தாள். நான் எது கேட்டாலும் வாங்கிக் கொடுத்தாள், அதுவே அதிசயம். ஓசூரில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் போய், உயரமான மதிலும் நீல நிறக் கதவும் வைத்த ஒரு கம்பெனி வாசலில் நின்றோம். காவலாளி போன் பண்ணிச் சொன்னபிறகு டீ இடைவேளையில் ஓர் அத்தை ஓடிவந்தார். அம்மாவோடு முன்பு விடுதியில் இருந்தவராம். நீலக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்.

“எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்டி. இருபத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டேங்குறானுங்க. கல்யாணம் ஆனவங்கன்னா பேச்சே இல்ல. கேண்டீன்ல பாத்திரம் கழுவுற வேல இருக்கு. செய்யிறியா?”

அவர் தெற்கத்திக்காரர். பேச்சு வேறு மாதிரி இருந்ததால் நான் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“செய்யறன். எப்ப வரட்டும்?” என்றாள் அம்மா.

“மொதல்ல பக்கத்துல ஒரு வீடு பாத்துக்க. பிள்ளைய வச்சிக்கிட்டு விடுதிக்குள்ள விட மாட்டாக.”

மணி அடித்தது. அந்த அத்தை கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடினார். அவர் உள்ளே போய் மறைகிற வரைக்கும் அம்மா அவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் தெருத்தெருவாக நடந்தோம். கம்பெனி ஆட்களுக்கென்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கட்டிவிட்ட வீடுகள். எல்லா வாசலிலும் ஆண்களின் பேன்ட் காய்ந்தது. சில இடத்தில் பையன்களுக்கு மட்டும்தான் என்றார்கள். சில இடத்தில் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பை மாறி மாறி அம்மாவின் இரண்டு தோளுக்கும் போயிற்று. எனக்குக் கால் வலித்தது. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் இவ்வளவு நேரம் அம்மா எனக்கே எனக்கென்று இருந்ததில்லை.

கடைசியாக ஒரு வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து காட்டினார். ஒரே அறை. மூலையில் சமையல் மேடை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அம்மா குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள்.

“யாவாகளுவும் வரும்மா. நீருக்கு தொந்தரவே இல்ல” என்றார் வீட்டுக்காரம்மா. கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். எந்நேரமும் வருமாம். “எஷ்டு ஜனா இருப்பீங்க? எத்தினி பேரு?”

“ரெண்டு பேருங்க” என்றாள் அம்மா.

அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கணக்கில் நான் கெட்டி. “மூணு பேரும்மா. அப்பாவ வுட்டுட்ட” என்றேன்.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். அம்மா தோளில் இருந்த பையைப் பார்த்தார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, “யஜமானரை, உன் வீட்டுக்காரரை கூட்டிட்டு வா தாயி. அவரு வந்து பேசட்டும். நாங்க குடும்பத்துக்குத்தான் குடுக்கறது” என்றார்.

அவர் எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். அம்மா அதை வாங்கி நின்றபடியே குடித்தாள், அண்ணாந்து, சொட்டு விடாமல். வெளியே வந்ததும் தெருமுனையில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஜன்னலில் எல்லாம் பெண்பிள்ளைகள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பாரூருக்குப் போலாமா?” என்று அம்மா கேட்டாள். என்னிடம் கேட்டாளா, தனக்குள் சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. பாரூரில் அம்மாவின் அண்ணன், என் மாமா வீடு இருந்தது. அங்கே போனால் மாமா என்ன சொல்வார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளே எழுந்து, “வா, வண்டிக்கு நேரமாவுது” என்றாள்.

ஸ்டேஷனில் கூட்டம். சாயங்கால வண்டிக்காக அப்பா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் டிபன் பாக்ஸ். எங்களை முதலில் பார்த்தது அவர்தான். ஏதோ தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் பார்த்தார். நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அம்மா இருந்த இடத்திலேயே நின்றாள்.

“ஏங்க...” என்று ஆரம்பித்தாள். அதற்குள் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“நெஜமாவே ஏறி வந்துட்டீங்களா!” என்றார். பக்கத்தில் நின்ற கம்பெனி ஆட்களிடம் திரும்பி, “பாத்தியா, எங்கூரு டிக்கெட்டுக்கு ஜனம் வந்து எறங்குது” என்றார். அவர்களும் சிரித்தார்கள். எங்களுக்குச் சாயங்கால வண்டிக்கு அவரே டிக்கெட் வாங்கிவந்தார். அம்மாவின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

வண்டியில் மூன்று பேருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. பையை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். நான் அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். நீலக் கதவு, கோட்டுப் போட்ட அத்தை, குழாய், வாழைப்பழம். அப்பா ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொள்ள ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் முக்கியமான வேடிக்கையைக் கடைசியில் வைத்துச் சொன்னேன்.

“அம்மாவுக்குக் கணக்கே வரலப்பா. வூட்ல எத்தினி பேருன்னு அந்தம்மா கேட்டாங்களா, ரெண்டு பேருன்னு சொல்லிட்டாங்க! நான்தான் மூணு பேருன்னு சொன்னன்.”

அப்பா சிரித்தார். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார். அவரை அப்படிச் சிரிக்க வைத்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. சிரித்து முடித்துவிட்டுப் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். ஊர் வருகிற வரைக்கும் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அம்மாவும் திரும்பவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையை அவரே அலமாரிக்குக் கீழே வைத்தார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடையை எடுக்கப் போனபோதுதான், என் புத்தகங்களும் அந்தப் பைக்குள் இருந்தது எனக்குத் தெரிந்தது. அம்மாவின் சேலைகளும் அதில்தான் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை புங்கமரத்தடியில் அப்பா, தன் வீட்டுக்காரியே பிள்ளையோடு ஓசூர் போய்வந்ததை எல்லோருக்கும் எடுத்துக்காட்டாகச் சொன்னார். கைதட்டினார்கள்.

மழைக்காலம் முடிகிறபோது நிறுத்தம் ரத்தாகிவிட்டது. கடைசி நாளுக்கு மறுநாளும் ஊர் வழக்கம்போல் நடைமேடைக்குப் போனது, ஒருவேளை நின்றுவிடுமோ என்று. வண்டி தூரத்தில் வரும்போதே ஊதிக்கொண்டு வந்தது. புங்கமரத்து இலைகளும் எங்கள் தலைமுடியும் பறக்க, கடந்து போயிற்று. டிக்கெட் மாமா கவுண்ட்டர் பலகையை இறக்கிப் பூட்டினார். பூட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அதன்பிறகு அப்பா வேலைக்குப் போய்வர வழியில்லை. டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கே வெகுதூரம் நடக்க வேண்டும், அதுவும் ஷிப்டுக்குத் தோதான நேரத்தில் வராது. ஓசூரில் ஓர் அறை பார்த்திருப்பதாக ஒருநாள் அப்பா சொன்னார். கம்பெனி ஆட்கள் நாலு பேர் சேர்ந்து தங்குகிற அறை. வார லீவுக்கு ஊருக்கு வந்து போவாராம்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, “நாங்களும் வரமே. குடும்பமா ஒரு வூடு பாக்கலாங்க” என்றாள். அவள் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

“இங்க ரெண்டு பேருதான” என்றார் அப்பா. “ரெண்டு பேருக்கு இந்த வூடு பத்தாதா?”

கோபமாகச் சொல்லவில்லை. சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். அவருக்கும் இப்போது கணக்குத் தப்புகிறது என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

ஊரை விட்டுப் போக மாட்டேன் என்றவர் ஓசூருக்குப் போனார். போக வேண்டும் என்றவள் கொத்தசந்திரத்தில் இருந்தாள், இன்னமும் இருக்கிறாள். நான் படிப்புக்காக ஓசூருக்கு வந்து, வேலையும் கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். கூட வந்து இரும்மா என்று வருந்தி அழைத்துப் பார்த்துவிட்டேன். எனக்கென்ன, இங்கேயே பழகிப்போச்சு என்பாள். அப்பா முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தார், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு திருவிழாவுக்கு. அவர்கள் இருவரும் உரக்கப் பேசிச் சண்டையிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த முதல் வருஷம் எனக்கு ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் அப்பா வருவார். பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னும் முறுக்கும் கொண்டுவருவார். முன்பெல்லாம் தினமும் வந்த அப்பா களைத்துப்போய்த் தூங்கிவிடுவார், இந்த அப்பா என்னோடு உட்கார்ந்து பன் தின்றார். இது எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. தண்ணீர் வந்த ஒருநாள், குழாயடியில் வரிசையாகக் குடங்கள் இருக்க, நான் என் சிநேகிதிகளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

“எங்களுக்கு இப்ப ரெண்டு வூடு. ஒண்ணு இங்க, ஒண்ணு ஓசூர்ல.”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த அம்மா அதைக் கேட்டாள். மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். “ஆமா” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அம்மா தளும்பிய குடத்தோடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.